மூன்றாவது விடைக்கு முன்னால் ஒரு மூச்சு

உறுதிமொழிப் படிவத்தில் எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. தேர்வு எழுதுகிறவர் உங்கள் உறவினரா, நீங்கள் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கிறீர்களா, இதற்கு முன்பு எப்போதாவது வைத்திருந்தீர்களா. மூன்றுக்கும் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்து, பாப்பாத்தி என்று கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அதிகாரி மிஸ் கோவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. படிவத்தை என் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், என் பேரைப் படிக்க ஒருமுறை முயன்றாள், பிறகு 'மேடம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பாசிர் பாஞ்சாங் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடி அது. பெரிய அறையில் எட்டுப் பேர் தேர்வுக்கு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குத் தனியாக ஒரு சின்ன அறை. மேசையின் ஒரு பக்கம் தேர்வு எழுதுகிற சேதுபதி, எதிரே நான், நடுவில் ஒலிப்பதிவுக் கருவி, மூலையில் மிஸ் கோ. விதிமுறைகளை அவள் வாசித்தாள். கேள்வியை உள்ளது உள்ளபடி படிக்கலாம், எத்தனை முறை கேட்டாலும் திரும்பப் படிக்கலாம், ஆனால் விளக்கக் கூடாது. படம் வந்தால் பக்கத்தில் அச்சடித்திருக்கும் வருணனையை மட்டும் படிக்க வேண்டும். அவர் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தைச் சொல்வார், நான் அந்த வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும், ஒவ்வொன்றையும் அவள் வந்து சரிபார்ப்பாள். இந்த அறைக்குள் இங்கிலீஷ் தவிர வேறு மொழியில் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கடைசி விதியைக் கேட்டுச் சேதுபதி லேசாகச் சிரித்தார். அவருக்குக் கண் தெரியாது. மடக்கிய வெள்ளைத் தடி மடியில் கிடந்தது.

இந்த மாதிரி வேலை எனக்குப் புதிதில்லை. ஏழு வருடமாகப் பள்ளிக்கூடங்களில் தேர்வுக் கண்காணிப்பாளராகத் தற்காலிக வேலை பார்க்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளைப் படித்துச் சொல்வதற்கென்றே என்னைக் கூப்பிடுவார்கள். கேள்வியை உப்புச் சப்பில்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், மின்தூக்கியில் மாடி எண் சொல்கிற குரல் மாதிரி படிப்பேன். மிஸ் பாப்பா படித்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று பிள்ளைகள் குறை சொல்வார்கள். அந்தக் குறையை நான் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் கிண்டல் செய்வார். வீட்டில் உன் மூஞ்சியைப் பார்த்தே இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம், ஸ்கூலில் எப்படிச் சமாளிக்கிறாய் என்பார். வேலை வேறு வீடு வேறு என்று பதில் சொல்வேன். உண்மை என்னவென்றால், அந்தப் பிள்ளைகளின் வேதியியலும் கணக்கும் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாத விஷயத்தைத் தெரியாத குரலில் படிப்பதற்கு என்ன பெரிய திறமை வேண்டும்? இது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சேதுபதியை எனக்கு அறிமுகம் செய்தது அவருடைய மனைவி அனிதா. கிளமெண்டியில் நான் அடிக்கடி போகிற ஒரு பள்ளியில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஒருநாள் காண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, அக்கா ஒரு உதவி என்று ஆரம்பித்தாள். அவள் கணவர் தொண்ணூற்றெட்டில் ஊரிலிருந்து ஜூரோங்குக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், கப்பல் எலெக்ட்ரீஷியன். நாற்பது வயதில் கண் அழுத்த நோய் வந்து, இரண்டு வருடத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. இப்போது சிராங்கூன் ரோட்டில் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். ஒரு கப்பலின் ரேடியோ அதிகாரி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய ரிசீவர் ஒன்று அவரிடம் இருந்தது. பதினோரு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போது பேசவும் ஆசை. அதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குப் பரீட்சை, பரீட்சை இங்கிலீஷில். முதல் தடவை போனபோது அவர்களே ஒரு இளைஞரைப் படித்துச் சொல்ல உட்கார வைத்தார்களாம். அந்தப் பையன் நிற்காத ரயில் மாதிரி படித்தான், பாதி புரியவில்லை, இரண்டு மதிப்பெண்ணில் போய்விட்டது. உரிமம் இல்லாத யாரையாவது நீங்களே வாசகராகக் கூட்டி வரலாம் என்று இந்த முறை சொல்லியிருக்கிறார்கள். நம்ம இங்கிலீஷ் பேசுற ஆளா வேணுமாம்க்கா, என்றாள் அனிதா. நான் உடனே ஒத்துக்கொண்டேன். என் குரலைத் தேடி ஒருவர் வருகிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

சேதுபதியின் வேலை மூன்று மணிக்கு முடியும். தடியைத் தட்டிக்கொண்டு பஃபலோ ரோட்டுக்கு நடந்தே வந்துவிடுவார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையில் உட்கார்ந்து நான் பரீட்சைப் புத்தகத்தைப் படிப்பேன், அவர் போனில் பதிவு செய்துகொள்வார். பக்கத்தில் தேக்கா சந்தை. மீன் லாரி பின்னோக்கி வரும் சத்தம், பூக்கடைக்காரரின் ரேடியோ, டிராலி உருளும் சத்தம். நூலகத்துக்குப் போகலாமே என்று கேட்டேன். வேண்டாம்க்கா, ரேடியோவில் இதைவிட இரைச்சல் இருக்கும், அதுக்குள்ள ஒரு குரலைப் பிடிக்கிறதுதானே வேலை என்றார். முதல் மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயில் நுழையாத சொற்களைப் படித்துக்கொண்டே போனேன். உரிம விதிகள் மட்டும் புரிந்தன. இசை ஒலிபரப்பக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. பிறகு என்னதான் பேசுவீர்கள் என்றேன். நீங்கள் தெளிவாகக் கேட்கிறீர்கள் என்று நான் சொல்வேன், நீங்களும் தெளிவாகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள் என்றார். இதற்கா இவ்வளவு பெரிய பரீட்சை என்று நான் கேட்டதற்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது மாதத்தில் என்னையறியாமல் எனக்குள் ஏதோ திறந்தது. அலையின் நீளத்தில் பாதி இருந்தால்தான் ஆண்டெனாக் கம்பி ஒழுங்காக வேலை செய்யும் என்பது விளங்கியது. பகலில் கேட்காத தூரத்து நிலையம் சூரியன் சாய்ந்தால் ஏன் கேட்கிறது என்பது விளங்கியது. அவர் மாதிரிக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால், விடைப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே, அது இல்லை சேது, யோசிங்க என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருநாள் இருபது கேள்வியில் அவர் பதினேழு, நான் பதினெட்டு. அன்றைக்கு உளுந்துவடை வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம். ஐம்பத்தேழு வயதில் எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு, வாசகருக்கே விஷயம் தெரிகிறதே என்ற தெம்பு அவருக்கு. நாங்கள் செய்துகொண்டிருந்தது தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

அவர் எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார் என்பதை அப்படி ஒரு மாலையில்தான் சொன்னார். ஞாயிறு காலையில் மலேசியாவிலிருந்து ஏழெட்டுப் பேர் ரேடியோவில் தமிழில் பேசிக்கொள்வார்களாம். தைப்பிங்கில் அங்கமுத்து என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், அவர்தான் அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர். அவருடைய முட்டி அறுவை சிகிச்சை, மகள் கல்யாணம், தோட்டத்து டுரியான் மரம் எல்லாமே சேதுபதிக்கு அத்துப்படி. சேதுபதி என்று ஒருவர் இருப்பது மட்டும் அங்கமுத்துவுக்குத் தெரியாது. ஒரு சமயம் அங்கமுத்துவின் ஒலிபரப்பில் குரலுக்கு அடியில் ஒரு உறுமல் சேர்ந்துகொண்டது. எர்த் கம்பியை மாற்றுங்கள் என்றார் ஒருவர், ஆண்டெனாவைப் பாருங்கள் என்றார் இன்னொருவர். மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மின்சாரத்தைச் சீராக்குகிற பெட்டியில் ஒரு கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்கிறது என்று முதல் நிமிடத்திலேயே சேதுபதிக்குத் தெரிந்துவிட்டது. கப்பலில் அந்த உறுமலை நூறு தடவை கேட்டவர் அவர். கெபாசிட்டர், கெபாசிட்டர் என்று ரிசீவரைப் பார்த்துக் கத்தினாராம். அனிதா சமையலறையிலிருந்து ஓடி வந்தாளாம்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, "கண்ணு போனதுலேர்ந்து எல்லாரும் எனக்குச் சொல்றாங்கக்கா. படி இருக்கு, பாத்துப் போங்க, காப்பி சூடா இருக்குன்னு. என்கிட்ட ஒண்ண கேக்கறவங்க யாருமே இல்ல" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தைப்பிங் என்ன நிலாவிலா இருக்கிறது, விசாரித்தால் அங்கமுத்துவின் டெலிபோன் நம்பர் கிடைக்காதா, நான் தேடித் தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். போன் செய்து என்ன சொல்வது, பதினோரு வருடமாக உங்கள் வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றா? அப்படி நுழைந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தவனாகத்தான் நுழைய வேண்டும். கால்சைன் இருந்தால் வாசல் வழியாகப் போகலாம் என்றார். கால்சைன் என்பது உரிமம் கிடைக்கும்போது ஒருவருக்குக் கொடுக்கிற அழைப்பெழுத்து. உலகத்தில் இன்னொருவருக்கு அது இருக்காது. இந்த மனிதர் பாஸ் ஆகியே தீர வேண்டும் என்று அன்றைக்கு எனக்குள் வந்த வெறி, என் மகளின் பள்ளி இறுதி ஓ நிலைத் தேர்வின்போதுகூட வந்ததில்லை.

பரீட்சை அன்று முதல் பதினாறு கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின. நான் என் மின்தூக்கிக் குரலில் படித்தேன். அவர் நான்காவது விடை முடியும் முன்பே எழுத்தைச் சொன்னார். நான் வட்டத்தை நிரப்பினேன். மிஸ் கோ எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். எல்லாமே சரியான விடைகள். சரியா தப்பா என்று எனக்குத் தெரிகிறது என்பதே எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முகத்தைப் பாறை மாதிரி வைத்துக்கொண்டேன். அவருக்கு முகம் தெரியாது, மிஸ் கோவுக்குத் தெரியுமே.

பதினேழாவது கேள்வி கேபிளைப் பற்றியது. வெட்டவெளியில் அலை போகிற வேகத்தோடு ஒப்பிட்டால், பாலித்தீன் நிரப்பிய கேபிளுக்குள் அது எத்தனை பங்கு வேகத்தில் போகும்? ஏ, பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று. பி, பூஜ்யம் புள்ளி ஐந்து. சி, பூஜ்யம் புள்ளி ஆறு ஆறு. டி, பூஜ்யம் புள்ளி ஒன்பது ஐந்து. எங்கள் புளோக் எண் அறுநூற்று அறுபதுகளில் வருவதால் அந்த விடை எனக்கு முதல் தடவையிலேயே ஒட்டிக்கொண்டது. அவருக்கு அப்படி ஒட்டவில்லை போலிருக்கிறது. திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். விடைகளை மட்டும் இன்னொரு முறை என்றார். படித்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, மறுபடி விடைகளை மட்டும் என்றார். நான்காவது தடவையாகப் படித்து முடித்தேன். உள்ளுக்குள் சி சொல்லுங்க, சி சொல்லுங்க என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். ஆபீசர், ஒரு புகார் சொல்ல வேண்டும் என்றார் இங்கிலீஷில். நான் வேகமாகப் படித்துவிட்டேனோ என்று பதறினேன். வாசகர் எனக்கு விடையைக் கொடுக்கிறார் என்றார் அவர். அவருக்கே அது தெரியாது, அவர் வாய் சரியாகத்தான் படிக்கிறது, அவர் குரல் விடையைச் சொல்லிவிடுகிறது என்றார்.

அறைந்த மாதிரி இருந்தது. ஏழு வருடம், எத்தனை பிள்ளைகள், எத்தனை கேள்வித்தாள், யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா? பொய் என்று தமிழில் வாய் வரைக்கும் வந்ததை விதிமுறை நினைவு வந்து விழுங்கினேன். மிஸ் கோவுக்கும் குழப்பம். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, மேடம் நன்றாகத்தானே படிக்கிறார்கள் என்றாள். சேதுபதி ஒலிப்பதிவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். சி விடைக்கு முன்னால் கவனியுங்கள் என்றார்.

அவள் பதிவைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டாள். என் குரலை நான் அப்படி உட்கார்ந்து கேட்டதே இல்லை. ஏ, பி இரண்டையும் மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி படித்துக்கொண்டே வருகிறேன். பிறகு ஒரு மூச்சு. சின்ன மூச்சு, கட்டெறும்பு அளவு. அதன் பிறகு சி வருகிறது, கடைசி எண் ஒரு நூலிழை நீளமாக முடிகிறது. டி மறுபடி பட்டியல். இரண்டாவது முறை அதே மூச்சு. மூன்றாவது, நான்காவது முறையும் அதே மூச்சு. முதல் தடவை மிஸ் கோவின் காதில் விழவில்லை, இரண்டாவது தடவை 'ஓ' என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. நான் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். திருடும்போது தெரியாத திருட்டு என்பதால் வெட்கம் இன்னும் அதிகமாக இருந்தது.

மிஸ் கோ வெளியே போய் மேலதிகாரியிடம் போனில் பேசினாள். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. இந்தத் தாள் செல்லாது, தேர்வு எழுதுகிறவர்மீது குற்றமில்லை என்று வந்து சொன்னாள். மாற்றுத் தாள் ஒன்று கையிருப்பில் இருக்கிறது. வேறு வாசகரைத் தேடிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வரலாம், அல்லது இன்றைக்கே எழுதலாம். இன்றைக்கு என்றால் படிக்க அவள்தான் இருக்கிறாள். தனக்கு ரேடியோவைப் பற்றி எதுவும் தெரியாது, ஃபார்ம் வாங்குவதும் ஹால் ஏற்பாடு செய்வதும்தான் தன் வேலை என்றாள். அவள் பேசுகிற வேகம் எனக்கே சில சமயம் எட்டாது. பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவாள். முதல் தடவை அவரைக் கவிழ்த்த அதே இங்கிலீஷ். சேதுபதி அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. இன்றைக்கே, கொஞ்சம் மெதுவாக, பிளீஸ் என்றார்.

நான் வெளியே வந்து நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவில் ஒரு கண்ணாடிக் கீற்று இருந்தது. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சும்மா சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? யாருக்கு நஷ்டம்? மூன்று மாதம் தொண்டை வறள வறளப் படித்தவளை ஒரு சின்னப் பெண் முன்னால் மூக்கறுத்துவிட்டாரே என்று பொருமினேன். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவரை எம்ஆர்டி ரயிலில் கூட்டிப் போக வேண்டும், அனிதா வேலையில் இருக்கிறாள். உட்கார்ந்தே இருந்தேன். வேறு வேலை இல்லாததால் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மிஸ் கோ கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, வரி வரியாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள். புரியாதபோது சேதுபதி ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவார், இன்னொரு முறை என்று அர்த்தம். அவள் மறுபடி படிப்பாள். ஒரு கேள்விக்கு ஏழு வட்டம் எண்ணினேன். ஏழாவது தடவையும் அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பெரிய அறையில் எழுதிய எட்டுப் பேரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டு மணி ஒரு மணியாயிற்று. நாற்பதாவது கேள்வி முடிந்தபோது மிஸ் கோவின் தொண்டை கட்டிவிட்டது, சேதுபதியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஆத்திரம் எப்போது போனது என்று தெரியவில்லை. பயம் மட்டும் மிச்சமிருந்தது.

ரயிலில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு இருக்கை கிடைத்தது. எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். தெரியலக்கா, பாதி நேரம் கேள்வி புரிஞ்சுதான்னே தெரியல என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"பேசாம அந்த 'சி'யச் சொல்லியிருக்கலாம்லா சேது. பாஸ் ஆயிருப்பீங்க."

"ஆயிருப்பேன்" என்றார். தடியின் கைப்பிடியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "தெரிஞ்ச கேள்விக்கெல்லாம் உங்க குரல் எனக்குத் தேவப்படலக்கா. தெரியாதது வந்ததும் காது தானா உங்க பக்கம் திரும்பிடுச்சு. எனக்கே பயமாயிடுச்சு. பதினோரு வருஷம் அடுத்தவங்க பேச்ச ஒட்டுக் கேட்டாச்சு. பரீட்சையையும் ஒட்டுக் கேட்டு பாஸ் பண்ணச் சொல்றீங்களா?"

கொஞ்ச தூரம் போனபிறகு, உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன், மன்னிச்சிருங்க என்றார். பரவாயில்லை என்று சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. அதை அவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு நான் கீழே போவதை நிறுத்தினேன். கல் மேசையில் வேறு யாரோ தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் ஒரு பையனுக்கு அறிவியல் தாள் படித்துச் சொன்னபோது மின்சாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. விடை எனக்குத் தெரியும் என்று தெரிந்த நொடியில் தாளைக் கீழே வைத்துவிட்டு, பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு, இந்தப் பகுதிக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் முழுக் கதையையும் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் டிவியை அணைத்துவிட்டு, அந்த ஆள் பாஸாகணும் பாப்பா என்று மட்டும் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சேதுபதி போன் செய்தார். முடிவு மின்னஞ்சலில் வந்துவிட்டதாம், காலை பத்து மணிக்கே. என்ன வந்திருக்கிறது என்று கேட்டேன். இன்னும் திறக்கவில்லை, மூன்று மணிக்குக் கீழே வர முடியுமா என்றார். உங்கள் போன்தான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுமே, காலையிலிருந்தா பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டேன்.

"போன் பாஸையும் பெயிலையும் ஒரே குரல்ல படிக்கும்க்கா" என்றார். "நீங்க படிங்க."

மூன்று மணிக்கு முன்பே நான் கீழே இறங்கிவிட்டேன். பையில் கட்டிய தே இரண்டு வாங்கி, டீ ஆறுவதற்குள் வீட்டுக் கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். மெலிந்திருந்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சூடான கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சந்தைப் பக்கம் யாரோ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மின்னஞ்சலைத் திறந்தேன். கண் என் பேச்சைக் கேட்காமல் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. பிறகு மேலே வந்தேன். இந்த முறை அவருக்குக் குரலால் எதையும் கொடுத்துவிடக் கூடாது, வார்த்தை வார்த்தையாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது எனக்கு. ஏழு வருட அனுபவத்தையும் தொண்டைக்குக் கொண்டுவந்தேன். மின்தூக்கி மாதிரி, பட்டியல் மாதிரி, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி ஆரம்பித்தேன். அன்புள்ள திரு சேதுபதி அவர்களுக்கு என்றேன் இங்கிலீஷில். கடிதத்தின் பார்வை எண்ணை இலக்கம் இலக்கமாகப் படித்தேன். நீங்கள் எழுதிய வானொலித் தேர்வு தொடர்பாக என்று அடுத்த வரிக்குப் போனேன்.

தேதியைப் படித்துக்கொண்டிருந்தேன். விஷயம் இருக்கிற வரிக்கு நான் இன்னும் வரவே இல்லை. சேதுபதி கிளாஸைத் தடவிப் பார்த்து மேசையில் வைத்துவிட்டு, எழுந்து நின்று, தைப்பிங்கிலிருந்து யாரோ கால்சைன் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.